பொற்கிழியும் புதிய வினாக்களும்

பாண்டியன் சங்கமண்டபத்திலே பொற்கிழி தூக்குவித்த கதையை அறியாதார் நம்முள் இலர். அரசன் உள்ளத்தே ஓர் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்கும் பாடலைத் தருவோர்க்கு ஆயிரம் பொன் என்று பறைசாற்றி, பொன் பொதிந்த கிழியை யாவரும் காண அவன் தூக்குவித்தான். பாட வருவோனின் ஊரையும் உறவையும் பாண்டியன் முதலிற் கேட்கவில்லை. ஐயத்தைத் தீர்க்கும் பாடல் ஒன்றையே கேட்டான். ஆதலினாற்றான் வறியவனாகிய தருமியும் அம்மண்டபத்தின் வாயிலிற் காலடி வைக்க முடிந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே நாம் படித்துச் சுவைத்த இக்கதையை விழா மலரொன்றில் நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. இக்காலத்து மென்பொருள் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையொன்று, பாண்டியனின் முறையை மிகவும் ஒத்திருக்கின்றது. அம்முறை யாது, அதனால் நம் தீவக மாணவர் அடையத்தக்க பயன் யாது, அதிலே அவர் இடறக்கூடிய இடங்கள் எவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்குக் கணினியோடு என்ன உறவு என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்குரிய விடையைக் கட்டுரையின் பிற்பகுதியிலே, நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தின் வாயிலாகக் கூறுவோம்.

மென்பொருள் என்பது யாது? கணினி தானாக எதனையும் அறியாது. இன்னதை இன்ன ஒழுங்கிற் செய்க என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தாலன்றி அது இயங்காது. அவ்வாறு எழுதப்படும் ஏவல் வரிசையை நிரல் என்பர். வங்கிக் கணக்கும், வைத்தியசாலைப் பதிவும், நம் கையிலுள்ள தொலைபேசியும் நிரல்களாலேயே இயங்குகின்றன. நிரல் எழுதுவோர்க்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. தேவை மிகவே, விண்ணப்பங்களும் மலைபோற் குவிந்தன. சான்றிதழை நோக்கித் தேர்வோமெனின், சான்றிதழ் உடையார் எல்லாரும் நிரல் எழுத வல்லவரல்லர். நிரல் எழுத வல்லார் எல்லாரிடத்தும் சான்றிதழும் இல்லை. எனவே, செய்யவேண்டிய தொழிலையே சிறிய அளவிற் செய்துகாட்டச் சொல்லுதல் நேர்வழி என்று நிறுவனங்கள் கண்டன. தச்சனிடம் அவன் குருவின் பெயரைக் கேளாது, ஒரு கதவின் மூட்டைப் பொருத்திக் காட்டச் சொல்வது போன்றதே இது.

போட்டிப் பரீட்சை யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1875ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் திறந்த போட்டிப் பரீட்சையின் வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார்; அவ்வழியிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. பின்னர் எழுதுவினைஞர் பரீட்சை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. வரண்ட மண்ணும் உவர் நீரும் உடைய தீவுகளிலே, பரீட்சை ஒன்றே பலர்க்குப் பயிர் நிலமாயிற்று. எனினும் அப்பரீட்சைகள் பெரும்பாலும் நினைவாற்றலை அளந்தன. இப்புதிய முறையோ, முன் கண்டறியாத ஒரு சிக்கலைத் தந்து, அதனை விடுவிக்கும் ஆற்றலை அளக்கின்றது.

இதற்கு முன்னோடியாகச் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிகழ்ந்தது. 1942 சனவரியில், இலண்டன் டெயிலி டெலிகிராப் பத்திரிகை தன் அலுவலகத்திலே குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றை நடத்தியது. 12 நிமிடத்துள் அதனை நிரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. போட்டி முடிந்தது, வந்தவர் வீடு திரும்பினர். சில வாரங்களின் பின் அவர்களுட் சிலர்க்குப் போர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிகளை உடைக்கும் பிளெச்லி பார்க் என்னும் நிலையத்திலே பணிபுரியும் வாய்ப்பு அவ்வழி அவர்க்குக் கிடைத்தது. பொழுதுபோக்கென எண்ணி விடுவித்த புதிரே அவர்தம் தகுதிச் சான்றாயிற்று.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டொப்கோடர் என்னும் நிறுவனம், நிரல் எழுதும் போட்டிகளை இணையத்தின் வழியே ஒழுங்காக நடத்தத் தொடங்கியது. 2003 முதல் கூகிள் நிறுவனமும் ஒரு போட்டியை நடத்தி வந்தது. அது 2023 வரை நடைபெற்றுப் பின் நிறுத்தப்பட்டது. அந்நிறுவனம் 2004இல் செய்த செயலொன்று இன்றும் வியந்து பேசப்படுகின்றது. கலிபோர்ணியாவில் ஒரு பெருந்தெருவோரத்திலே விளம்பரப் பலகையொன்று எழுந்தது. அதிலே நிறுவனத்தின் பெயர் இல்லை; வேலை என்ற சொல்லும் இல்லை. கணித மாணவர் இயற்கை மடக்கையின் அடி என்று படிக்கும் எண் 2.71828 என்று தொடங்கி முடிவின்றிச் செல்வது. அந்நெடும் வரிசையிலே அடுத்தடுத்து வரும் பத்து இலக்கங்களால் ஆகிய முதலாவது முதன்மை எண் யாது என்பதே பலகையிற் கண்ட வினா. அதன் விடையாகிய 7427466391 என்பதே ஓர் இணையப் பக்கத்தின் முகவரியுமாயிற்று. அங்கே சென்றார்க்கு இன்னொரு வினாக் காத்திருந்தது. அதனையும் விடுவித்தார்க்கே, எம்மிடம் பணிபுரிய விண்ணப்பிக்கலாம் என்னும் அழைப்புக் கிடைத்தது. அவ்வழியே ஆயிரக்கணக்கானோர் கடந்து சென்றிருப்பர். நின்று நோக்கி, வீடு சென்று கணக்கிட்டவர் சிலரே. அச்சிலரையே அப்பலகை தேடிற்று.

இத்துறையிலே தமிழ்நாட்டோடு தொடர்புடையார் இருவரின் பங்கும் பெரிது. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற் கற்ற விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்னும் நண்பர் இருவர், நிரலாளரைத் தேர்தற்கு உதவும் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினர். இளம் நிறுவனங்களுக்கு முதலும் அறிவுரையும் வழங்கும் அமெரிக்க அமைப்பொன்று 2011இல் அவர்களை ஏற்றது. அம்முயற்சியே ஹக்கர்ராங்க் என்னும் பெயரோடு வளர்ந்து, இன்று பல நாட்டு நிறுவனங்கள் தேர்வு நடத்தும் களமாக விளங்குகின்றது. இந்தியாவிலே 2009இல் தோன்றிய கோட்செஃப் என்னும் களமும் மாணவர் பலர்க்குப் பயிற்சி நிலமாக இருந்து வருகின்றது.

இனி, இவ்வினாக்கள் எத்தகையன என்பதை நம்மூர் உதாரணம் ஒன்றால் விளக்குவோம். குறிகட்டுவான் துறையிலே அறுவர் காத்திருக்கின்றனர். அங்குள்ள சிறு வள்ளம் ஒவ்வொன்றும் இருவர்க்கு மேற்படாமல் ஏற்றும். அவர்தம் எடையும் கூட்டாக 120 கிலோவுக்கு மேற்படல் ஆகாது. வரிசையில் நிற்போரின் எடை முறையே 40, 60, 80, 30, 90, 50 கிலோ. யாவரையும் ஏற்றிச் செல்ல, குறைந்தது எத்தனை வள்ளம் வேண்டும்?

நின்ற வரிசையிலேயே ஏற்றினால், 40உம் 60உம் முதல் வள்ளத்திற் செல்லலாம்; 80உம் 30உம் இரண்டாவதில் அமையலாம்; 90உம் 50உம் சேரின் 140 ஆகும்; ஆதலின் அவ்விருவர்க்கும் தனித்தனி வள்ளம் வேண்டும். ஆக நான்கு. ஆனால் ஒரு கணம் நின்று எண்ணுவோம். மிகப் பாரமானவரோடு மிக இலேசானவரைச் சேர்ப்போம்: 90உம் 30உம் 120, 80உம் 40உம் 120, 60உம் 50உம் 110. மூன்று வள்ளம் போதும்.

அறுவர்க்கு இதனைக் கையாலே கணக்கிட்டுவிடலாம். ஆனால் வினாவின் அடியிலே, காத்திருப்போர் ஓர் இலட்சம் வரை இருக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கும். எல்லாச் சோடிகளையும் சேர்த்துப் பார்த்து மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுப்போம் என்று ஒரு மாணவன் எண்ணலாம். அறுவரை மூன்று சோடிகளாகப் பிரிக்கும் வழிகள் 15. பதின்மரை ஐந்து சோடிகளாக்க 945 வழிகள். இருபதின்மர்க்கோ 65 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உள. ஓர் இலட்சம் பேர்க்கு அவ்வழியிற் சென்றால் உலகிலுள்ள எக்கணினியும் முடிவு காணாது. எடை வரிசைப்படி நிறுத்தி, இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொருவராக எடுத்துச் சேர்த்து வரும் நிரலோ, ஒரு நொடிக்குள் விடை கூறிவிடும். கணினியின் வேகத்தைக் கண்டு மயங்காது, வழியின் செம்மையை நாடுதலே இக்கலையின் உயிர்நாடி.

மாணவர் தம் நிரலை அனுப்பியதும், மனிதரன்றிப் பொறியே அதனைத் திருத்துகின்றது. வினாவோடு காட்டப்பட்ட மாதிரிக்கு மட்டுமன்றி, மாணவர் காணாத மறைவான சோதனைகள் பலவற்றுக்கும் நிரல் சரியான விடை தரல் வேண்டும். காத்திருப்பவர் ஒருவரேயாயின் என்ன? ஒருவருமே இலராயின்? எல்லாரும் நூறு கிலோ உடையராயின்? இத்தகைய ஓரங்களிலேதான் பலருடைய நிரல்கள் கவிழ்கின்றன. கரையோரப் பாறைகளையும் அறிந்தவனே நல்ல ஓட்டி என்பதைக் கடல் சூழ வாழும் நமக்குச் சொல்லவேண்டுவதில்லை.

இம்முறையின் முதற் பயன், திருத்தும் பொறி போட்டியாளரின் பெயரையும் ஊரையும் நோக்காமை. இஃது எத்துணைப் பெரிய நன்மை என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சான்றாகக் காட்டலாம். பொஸ்ரன், சிக்காகோ நகரங்களில் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்கு, ஏறக்குறைய ஐயாயிரம் விண்ணப்பங்களைப் பொருளியல் அறிஞர் இருவர் அனுப்பி ஆராய்ந்து, 2004இல் அம்முடிபை வெளியிட்டனர். தகுதிகளை ஒத்திருக்கச் செய்து பெயர்களை மட்டும் மாற்றினர். வெள்ளையர் பெயர் போன்ற பெயருடைய விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தார் பெயர் போன்றவற்றிலும் ஏறக்குறைய அரைப்பங்கு அதிகமான அழைப்புகள் கிடைத்தன. பெயர் ஒன்றே வாயிலை அடைக்கும் உலகிலே, பெயர் கேளாது முதல் வாயிலைத் திறக்கும் முறை ஏழைக்கும் தொலைவில் உள்ளார்க்கும் துணையன்றோ?

இரண்டாம் பயன், தனித்திருந்து சிந்திக்க இடந்தருதல். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசொப்ற் நிறுவனத்து ஆராய்ச்சியாளரும் 2020இல் வெளியிட்ட ஆய்விலே 48 பேர் பங்குபற்றினர். பரீட்சகர் பார்த்திருக்கப் பலகையில் எழுதி விடுவித்தோரின் பெறுபேறு, தனியறையில் இருந்து விடுவித்தோரின் பெறுபேற்றில் ஏறக்குறையப் பாதியே. அவ்வாய்விலே, பிறர் பார்த்திருக்க எழுதிய பெண்களுள் ஒருவரேனும் தேறவில்லை. தனித்து எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். சிறிய ஆய்வே எனினும், சபைக் கூச்சம் அறிவின்மையாகக் கொள்ளப்படுதல் தகாது என்பதை அது காட்டுகின்றது. கொழும்பிலே குளிரூட்டிய அறையில், ஆங்கிலத்தில் விரைந்து பேசுவோர் மூவர்முன் அமர்ந்து நாவெழாது திரும்பிய நம் பிள்ளைகளை நாம் அறிவோம்.

பட்டம் இன்றியும் இத்துறையிற் புகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலே நல்ல உதாரணம் உண்டு. சென்னையைத் தளமாகக் கொண்ட சோகோ நிறுவனம், பல்கலைக்கழகஞ் செல்லாத மாணவரைத் தேர்வு வைத்துத் தெரிந்து, தன் பள்ளியிலேயே பயிற்றிப் பணியில் அமர்த்தும் முறையை 2005இல் தொடங்கிற்று. 2011இல் தென்காசியை அடுத்த சிற்றூரிலே அலுவலகமும் நிறுவியது. நம் நாட்டில் க.பொ.த. உயர்தரத்திற் சித்தியடைந்தார் யாவர்க்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் கண்ணீரோடு காண்கின்றோம். இடங்கிடையாத மாணவர் முன்னே இன்னொரு வாயில் இருத்தல் ஆறுதல் தரும் செய்தியாகும்.

தீவகத்துக்கு இஃது இன்னொரு வகையிலும் பொருளுடையது. போர்க்கால இடப்பெயர்வின் பின், ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் வேலணையிலும் திறவாத வீடுகள் எத்தனை! நெடுந்தீவின் கற்கோட்டு வேலிகள் காக்கும் வளவுகளிலே குடியிருப்பார் எத்துணைக் குறைந்தனர்! படித்த பிள்ளை ஊரைவிட்டுப் போகவேண்டும் என்பது நம் தீவுகளின் விதியாயிற்று. மென்பொருட் பணியோ, பல நிறுவனங்களில் இருந்த இடத்திலிருந்தே செய்யத்தக்கது. ஒரு பிள்ளை தன் வீட்டு முற்றத்து வேம்பின் கீழிருந்து உழைக்க முடியுமெனின், ஒரு வீட்டின் விளக்கு அணையாது நிற்கும்.

ஆயின், வாயில் திறந்திருப்பது வேறு. வாயிலை அடையும் வழி செவ்வையாக இருப்பது வேறு. வினா எல்லார்க்கும் ஒன்றே. மின்சாரம் எல்லார்க்கும் ஒன்றன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் பெருநில மின்வலையோடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் நிலையங்களை அம்மூன்றிலும் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. தொண்ணூறு நிமிடப் பரீட்சையிலே பத்து நிமிடம் இணைப்பு அறுந்தாற் கடிகாரம் காத்திராது.

நாம் முன்னர்க் கூறுவதாகச் சொன்ன அனுபவம் இவ்விடத்தே வருகின்றது. நெடுந்தீவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் நம்மிடம் தமிழ் பயின்றவர். கணக்கிலே கூரிய அறிவுடையவர். உயர்தரப் பெறுபேறு அவரைப் பொறியியற் பீடத்துக்கு அனுப்பப் போதவில்லை. தாமாகவே நிரல் எழுதக் கற்றார். 2022ஆம் ஆண்டிலே, நிறுவனமொன்றின் இணையத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவ்வாண்டு நாடெங்கும் மின்வெட்டு. மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருள் நீடித்ததை யாரும் மறந்திரார். அவர் மின்வெட்டு அட்டவணையை ஆராய்ந்து, காலை வள்ளத்திலே குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்தேறி வேலணையில் உள்ள உறவினர் வீட்டை அடைந்து, மின்சாரம் உள்ள நேரத்திலே தேர்வில் அமர்ந்தார். கடல் அவரைத் தடுக்கவில்லை, இருள் தடுக்கவில்லை, இணைப்பும் அன்று முறியவில்லை. மூன்று வினாவுள் இரண்டைச் செம்மையாக முடித்தார். மூன்றாவதன் மறைவான சோதனைகளிலே நிரல் தோற்றது. காரணம் அவர்க்கு அப்போது விளங்கவில்லை.

திரும்பும் வழியிலே, குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோதுதான் விளங்கிற்று. வினாவில் வந்த ஓர் ஆங்கிலத் தொடர் ‘மேற்படாமல்’ என்னும் பொருளது. அதனை அவர் விரைவிலே ‘குறையாமல்’ என்று கொண்டுவிட்டார். நாம் மேலே காட்டிய வள்ளக் கணக்கிலே, ‘இருவர்க்கு மேற்படாமல்’ என்பதை ‘இருவர்க்குக் குறையாமல்’ என்று வாசித்தால், தனித்தொருவர் ஏற முடியாமற் கணக்கு முழுவதும் குலைந்துபோவதைக் காண்க. வினாவை வெளியிடல் ஆகாது என்பது தேர்வின் விதி. ஆதலின் அவர் வினாவை நம்மிடம் கூறவில்லை. தாம் இடறிய அத்தொடரை மட்டுமே கூறினார். “சேர், கணக்கிலை நான் தோக்கேல்லை, வாசிக்கிறதிலைதான் தோத்தனான்” என்றார்.

அச்சொல் நம்மைச் சுட்டது. ஆங்கிலச் சொல் அறியாமையால் வந்த பிழை என்று முதலிற் கருதினோம். பின்னர் நம் வகுப்பறையை நினைந்து பார்த்தபோது, பழி அம்மொழிக்கு மட்டும் உரியதன்று என உணர்ந்தோம். தமிழ்ப் பாடத்திலும் நம் மாணவர் வினாவை முழுதும் வாசிப்பதில்லை. முதற் சொல்லைக் கண்டதும், மனனஞ் செய்த விடையை எழுதத் தொடங்குகின்றனர். நாமும் அதற்குப் புள்ளி வழங்குகின்றோம். ‘இரண்டினைக் கூறுக’ என்றால் ஐந்து எழுதுகின்றனர். ‘ஒப்பிடுக’ என்றால் விவரிக்கின்றனர். ஒரு வினாவின் முன்னே நின்று, அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன கேட்கின்றது என்று ஆராயும் பழக்கத்தை நாம் ஊட்டவில்லை. ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலே வாசிப்புத் திறன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சான்றிதழ் பெற்ற நமக்கு, அதன் பயனை ஒரு மாணவரின் தோல்வி கற்பித்தது. உம்மையும் ஏகாரமும் பொருளை எவ்வாறு மாற்றும் என்று இலக்கண வகுப்பிற் கற்பிக்கின்றோம். வேலை வாங்கித் தரும் வினாவிலும் வேலையைக் கெடுக்கும் வினாவிலும் அவ்வுருபுகளே நின்று ஆள்கின்றன என்பதை நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்று முதல் அவர் ஒரு முறையை மேற்கொண்டார். வினாவை வாசித்ததும், விசைப்பலகையைத் தொடாது, கடதாசியில் அதனைத் தம் தமிழில் மூன்று வரிகளில் எழுதுவார்: தரப்படுவது யாது, கேட்கப்படுவது யாது, மீறக்கூடாத எல்லை யாது. அதன் பின்னரே நிரல். சில மாதங்களின் பின் வேறொரு நிறுவனத்தின் தேர்விலே தேறினார்; இன்று அங்கே பணிபுரிகின்றார். தமிழாசிரியர்க்கு இதில் என்ன உறவு என்பதற்கு இதுவே நம் விடை.

இம்முறையிற் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. தொண்ணூறு நிமிடத்துட் புதிரை விடுவித்தல் வேறு. பல மாதம் பலரோடு கூடி ஒரு பெரும் பணியை முடித்தல் வேறு. 2015இல், உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் ஹோம்புறூ என்னும் மென்பொருளை இயற்றிய மக்ஸ் ஹவல் என்பவர், கூகிளின் நேர்முகப் பரீட்சையிலே ஒரு புதிரை விடுவிக்காமையாற் றாம் தள்ளப்பட்டதாக வெளியிட்டபோது பெரிய விவாதம் எழுந்தது. ஆதலின், தோற்றவர் எல்லாரும் ஆற்றலிலர் என்பது பிழை. மேலும், பயிற்சிக்கு நேரமுள்ளவர்க்கே இது வாய்க்கும். மாலையிற் கடையிலோ கடலிலோ தந்தைக்குத் துணைசெய்யும் பிள்ளைக்கு அந்நேரம் எங்கே?

இன்னொன்றையும் கூறவேண்டும். தருமி கொண்டுவந்த பாடல் அவன் பாடியதன்று. ஆலவாய்ப் பெருமானே அருளியது. அதினும் உயர்ந்த துணை யார்க்கு வாய்க்கும்? அங்ஙனமிருந்தும், நக்கீரர் குற்றங் கூறியபோது தருமியால் ஒரு சொல்லும் மறுத்துரைக்க இயலவில்லை, அழுதுகொண்டே திரும்பினான். இக்காலத்திலும் பிறர் எழுதிய நிரலைத் தம்மது எனக் காட்டுவோர் உளர். இரு நிரல்களின் ஒப்புமையைக் கண்டறியும் கருவி 1994இலேயே அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அண்மையிலோ, நிரலைத் தானே எழுதும் பொறிகளும் தோன்றிவிட்டன. அல்பாகோட் என்னும் பொறி, நிரற் போட்டிகளிலே மனிதப் போட்டியாளருள் இடைநிலையினர்க்கு ஏறக்குறைய ஒப்பாக நின்றதென 2022இல் ஆய்வுரை வெளிவந்தது. பின்வந்த பொறிகள் அதனினும் வல்லன. ஆதலின் நிறுவனங்கள் பல, இணையத் தேர்வின் பின் மாணவரை நேரே அழைத்து, ‘இவ்வரியை ஏன் எழுதினீர்? எல்லை மாறினால் என் செய்வீர்?’ என்று வினவுகின்றன. மண்டபத்தின் உள்ளே நக்கீரர் இன்றும் இருக்கின்றார். கடன் வாங்கிய விடை வாயில் வரையே வரும். ஆசனம் வரை வாராது.

இனிச் செய்யத்தக்கது யாது? மாணவர்காள்! நாளொன்றுக்கு ஒரு வினா போதும். அதனைத் தமிழில் எழுதிப் பாருங்கள், சிறு எண்களால் கையிற் கணக்கிடுங்கள், ஓரங்களை ஆராயுங்கள், அதன் பின் நிரலை எழுதுங்கள். தோற்ற வினாவை மறுநாளும் எடுங்கள். யாழ்ப்பாணத்திலே யாழ் ஐ.ரி. ஹப் என்னும் தொண்டமைப்பு 2012 முதல் இளைஞர்க்கும் மாணவர்க்கும் தொழில்நுட்பப் போட்டிகளை நடத்தி வந்துள்ளது. பள்ளி மாணவர்க்கென 1989இல் தொடங்கிய அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட் போட்டியில் நம் நாடும் பங்குபற்றுகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர், திறந்த மென்பொருட் பணிக்கென 2005இல் கூகிள் தொடங்கிய கோடைத் திட்டத்திலே உலகின் முன்வரிசையில் நின்றனர். நம் நாட்டுப் பிள்ளைகளால் ஆகாதது என்று ஒன்றில்லை.

உடனாசிரியர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள், வினாவை வாசித்தலை ஒரு பாடமாகவே கொள்க என்பதாம். கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் கிழமைக்கு ஒரு பாடவேளை கூடியிருந்து, ஒரே வினாவை இரு மொழியிலும் மாணவரோடு ஆராய்ந்தால், மூவருடைய தொழிலும் ஒன்றே என்பது விளங்கும்.

பழைய மாணவரே, உங்களிடம் நாம் வேண்டுவது பெருங் கட்டடமன்று. ஓர் அறை, மின்சாரம் அற்றபோதும் இரண்டு மணி நேரம் தாங்கும் மின்கலத் தொகுதி, நம்பத்தக்க இணைப்பு, பத்துக் கணினிகள். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் மட்டுமன்றி, கடல் கடந்து வரவேண்டிய நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கும் அவ்வறை தேர்வு நாளிலே திறந்திருத்தல் வேண்டும். பணத்தினும் மேலானது ஒன்றும் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இத்துறையில் உள்ளவர்கள் மாதத்தில் ஒரு மாலை, நம் மாணவர் ஒருவரின் நிரலை வாசித்து, ‘இவ்வரியை ஏன் எழுதினாய் தம்பி?’ என்று கேட்பீர்களாயின், நக்கீரரின் முன்னே நிற்கும் துணிவு அப்பிள்ளைக்கு வந்துவிடும்.

பொற்கிழி தூக்கப்பட்டுவிட்டது. அதனை அறுத்துக்கொள்ளும் உரிமை இன்ன ஊரார்க்கென்று எழுதப்படவில்லை. பாடலைத் தாமே இயற்ற வல்ல பிள்ளைகளை அம்மண்டபத்துக்கு அனுப்புதல் நம் கடன். அக்கடனைச் செய்ய இவ்விழா ஆண்டு நமக்கு ஊக்கமளிப்பதாக! கல்லூரித் தாய் நீடு வாழ்க!